சிவப்புப் பொட்டு ஒட்டிய மூன்று போர்டுகள்

பெமிட்ஜி, மினசோட்டா
அக்டோபர் 11, 2021

மார்லிஸ்,

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி ஹார்லன் ப்ரெக்கி, மேசையின் தலைமாட்டில், தொப்பியைக் கழற்றாமல். என்ஜினியர் டுவேன் கெட்டில்சன், பேனாவால் பல்லைத் தட்டிக்கொண்டு. சிப் விற்க வந்த ரிக். உள்ளே வந்ததும் எல்லோருக்கும் ஒரு சாவி வளையம் கொடுத்தான், எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. கொள்முதல் பார்க்கிற நீ. மின்சுற்று போர்டு கட்டுகிற நான். 2012 பிப்ரவரி 13, திங்கள்கிழமை. வெளியே மைனஸ் பதினொன்று. நீ நீல ஸ்வெட்டர் போட்டிருந்தாய், இடது முழங்கையில் இழை பிரிந்திருந்தது.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். படித்தது மறந்துபோகலாம், பட்டது மறக்காது.

உன் பிறந்தநாள் அட்டை வந்தது. மேலே ரோஜாப்பூ. உள்ளே முதல் நான்கு வரியும் கம்பெனிச் செய்தி. பன்றிக் கொட்டகை விசிறிகளை ஓட்டுகிற நம் பெட்டியைப் புதிதாகச் செய்யப்போகிறார்களாம். அதற்கு மூளையாக எந்த சிப்பை வைப்பது என்று மறுபடி பேச்சாம். புது என்ஜினியர் பெண் பழைய கோப்பில் என் பெயரைப் பார்த்தாளாம், அந்த மூன்று போர்டுகள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்கிறாளாம். வாழ்த்து ஐந்தாவது வரியில்.

இருக்கின்றன. கொடுக்க மாட்டேன்.

ஃபோன் செய்யாதே. ஏழு வருஷமாக உன் எண் வந்தால் எடுப்பதில்லை, இனியும் அப்படித்தான்.

ஆர்டிஸ்

*

எல்ம் ஃபோர்க், மினசோட்டா
அக்டோபர் 20, 2021

அன்புள்ள அக்கா,

நீ பதில் எழுதினாயே, அதுவே பெரிது. கடிதத்தை வாசலில் நின்றே பிரித்தேன், கையுறைகூடக் கழற்றவில்லை. உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? கேரன் தன் அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாளா? பேத்திகள் வளர்ந்திருப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உலகம் முழுக்க இப்போது சிப் கிடைப்பதில்லை. கார் கம்பெனிகளே கையைப் பிசைந்துகொண்டு நிற்கின்றன. கடுங்குளிர் தாங்குகிற சிப்பைக் கேட்டால் ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதே சிப்பின் சாதாரண வகை ஒரு தரகரிடம் கையிருப்பில் இருக்கிறது, அடுத்த வாரமே வந்துவிடும். 2012-ல் நடந்த அதே கதைதான் அக்கா. அப்போது ஆறு மாசம், இப்போது ஒரு வருஷம்.

புது என்ஜினியர் மாய் வாங், செயின்ட் பால்காரி, முப்பது வயதிருக்கும். சாதாரண வகை வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "தகவல் தாள்லயே போட்டிருக்கு சார், தண்ணி உறையுற குளிருக்குக் கீழே உத்தரவாதம் இல்லைன்னு." ஹார்லன் சொல்கிறார்: "தாள்ல போடுறதெல்லாம் வக்கீலுக்குப் பயந்து போடுறது. நாங்க அந்த வகையை வெச்சுத்தான் ஒன்பது வருஷம் ஓட்டினோம். குளிர்ல வெச்சுச் சோதிச்சும் பாத்தாச்சு." அப்புறம் அந்தக் கோப்பை எடுத்துக் காட்டினார். டுவேன் எழுதியது: பத்து போர்டுகள் உறைபெட்டிச் சோதனை. ஏழு சரி. மூன்று செயலிழப்பு, காரணம், போர்டு கட்டுபவர் கவனக்குறைவாகக் கையாண்டதால் நிலைமின்சாரம் பாய்ந்தது. சிப்பில் குறை இல்லை.

உன் மேல் எழுதிய அந்த ஒரு வரிதான் இப்போது அந்த சிப்புக்கு நற்சான்றிதழ். டிசம்பர் ஏழாம் தேதி முடிவெடுக்கிறார்கள். மாயிடம் எதிர்த்துக் காட்ட ஒன்றும் இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

உன் தங்கை,
மார்லிஸ்

*

பெமிட்ஜி
அக்டோபர் 29, 2021

மார்லிஸ்,

கேரன் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். மூட்டு என் மூட்டு. உனக்கென்ன.

கோப்பில் இருப்பதைச் சொன்னாய். கோப்பில் இல்லாததை நான் சொல்கிறேன், அந்தப் பெண்ணிடம் வாசித்துக் காட்டு.

கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை நீ என் வீட்டுக்கு வந்தாய். நான் அடுப்படியில் இருந்தேன், நீ மேசையில் உட்கார்ந்து, அந்தச் சாதாரண சிப்பை வைத்து நான் கட்டிய பத்து போர்டுகளையும் வெள்ளிப் பையில் போட்டாய். நிலைமின்சாரம் அண்டாத அந்தப் பளபளப்புப் பை, கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்தது. கீழே இருந்த பெரிய ஃப்ரீசரில் அடுக்கினாய். ஞாயிறு சர்ச் முடிந்து வந்து, நீ ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுத்துத் தர, குளிர் போகுமுன் நான் மின்சாரம் கொடுத்தேன். ஏழில் பச்சை விளக்கு எரிந்தது. மூன்று எழவே இல்லை. அந்த மூன்றையும் மறுபடி ஃப்ரீசரில் வைத்து, திங்கள் காலை ஐஸ்கிரீம் வாளியில் போட்டு, வண்டியின் பின்பக்கம் வைத்துக் குளிரோடு கொண்டுவந்தேன். அவர்கள் கண்ணெதிரே செருகினேன். எரியவில்லை.

டுவேன் கேட்டான்: "ஃப்ரீசர்ல எதுக்குப் பக்கத்துல வெச்சீங்க ஆர்டிஸ்?"

"மான்கறிக்குப் பக்கத்துல."

"மான் என்ன சொல்லுச்சு?"

ரிக் மேசையைத் தட்டிச் சிரித்தான். டுவேன் வாளியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பிளாஸ்டிக் வாளி. நீங்க போட்டிருக்கிறது கம்பளி. ரெண்டும் உரசினாப் போதும், சிப்பு செத்துச்சு. இருபத்திரண்டு வருஷம் மணிக்கட்டுல பட்டை கட்டி வேலை பாத்தவங்களுக்கு இதை நான் சொல்லணுமா?"

"எல்லாம் வெள்ளிப் பையில இருந்துச்சு. போட்டதே மார்லிஸ்தான். அவளைக் கேளுங்க."

ஹார்லன் உன் பக்கம் திரும்பினான். "என்ன மார்லிஸ்?"

நீ காபியைப் பார்த்தாய். "எனக்குச் சரியா ஞாபகமில்ல" என்றாய்.

கால்மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது. டுவேன் மூன்று போர்டுகளிலும் சிவப்புப் பொட்டு ஒட்டிக் குப்பைக் கூடையில் போட்டான். நான் குனிந்து பொறுக்கினேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் பார்க்கவுமில்லை.

அப்புறம் அந்த சிப்பை வைத்து ஆயிரத்துக்கு மேல் பெட்டிகளை நானே கட்டினேன். அதில் ஒன்று என் மகன் வெண்டலின் கொட்டகைக்குப் போனது. 2014 ஜனவரியில் பனிப்புயல், நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்ததும் அவன் போய், கொட்டகையின் வெளிச்சுவரில் இருந்த பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தான். கொட்டகை விளக்குகள் எரிவது சன்னலில் தெரிந்தது, விசிறியும் ஓடுகிறது என்று நினைத்தான். பெட்டி எழவில்லை. ஆபத்து என்று ஃபோன் அடிக்க வேண்டியதும் அதே பெட்டி. புயல் அடங்கிப் போய்க் கதவைத் திறந்தபோது ஆயிரத்து இருநூறு பன்றிகளும் மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தன.

பெட்டியைக் கழற்றிக் கம்பெனிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே செருகினால் அழகாக ஓடியது. பெட்டியில் குறையில்லை, பண்ணைக்காரர் சுவிட்சைப் போட மறந்திருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளையும் தட்டச்சு செய்தது நீதான். கீழே உன் பெயரின் முதல் எழுத்து இருந்தது.

வெண்டல் இப்போது வில்லிஸ்டனில் எண்ணெய் லாரி ஓட்டுகிறான். நிலம் யாருடையதோ.

இதற்கு மேலும் போர்டு கேட்பாயா?

ஆர்டிஸ்

*

எல்ம் ஃபோர்க்
நவம்பர் 8, 2021

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

உன் ஞாபகத்தை யாரும் குறை சொல்ல முடியாது. என் முழங்கை இழை வரைக்கும் சரி. ஆனால் ஒரு இடத்தில் தப்பு. பத்து போர்டுக்கும் வெள்ளிப் பை இல்லை. ஏழுதான் இருந்தது. நீ அடுப்பில் உருளைக்கிழங்கைக் கவனித்துக்கொண்டிருந்தாய். போய்ச் சொன்னால், "நான் எண்ணித்தான் கொண்டுவந்தேன், நீ எங்கே போட்டே" என்று ஆரம்பிப்பாய். உன் மேசையில் காலி ரொட்டிப் பைகள் இருந்தன, நீ கழுவிக் காயவைத்தவை. மூன்று போர்டுகளை அதில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, கழற்றிக் கழற்றி உன் கையில் கொடுத்ததும் நான்தான். நீ பார்க்கவில்லை.

எழாத மூன்றில் இரண்டு, ரொட்டிப் பையில் இருந்தவை. ஒன்று வெள்ளிப் பையில் இருந்தது. நான் அந்த இரண்டை மட்டும் நினைத்தேன்.

டுவேன் பிளாஸ்டிக், பிளாஸ்டிக் என்று சொல்லச் சொல்ல எனக்கு அந்த ரொட்டிப் பைகள்தான் கண்ணில் நின்றன. அவர் சொல்வது உண்மை, கொன்றது நான் என்றே நம்பினேன். வெள்ளிப் பை என்று சொன்னால் பொய். ரொட்டிப் பை என்று சொன்னால், என் அக்காவின் ஒரு மாத உழைப்பை நான் கெடுத்தேன் என்று அந்த ரிக் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டேன். பழி உன் மேல் விழுந்தது. எடுத்துக்கொள்ள நான் போகவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. அந்த சிப்புக்கு ஆர்டர் வெள்ளிக்கிழமையே போய்விட்டது. ஹார்லன் சொன்னார், நான் அனுப்பினேன். திங்கள் கூட்டம் சும்மா ஒரு சடங்கு. நீ பத்து போர்டும் செத்துப்போனதாகக் கொண்டுவந்திருந்தாலும் அவர்கள் ஏதாவது ஒரு வாளியைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

வெண்டலின் தாளைத் தட்டச்சு செய்ததும் நான்தான். அதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

மார்லிஸ்

*

பெமிட்ஜி
நவம்பர் 15, 2021

மார்லிஸ்,

ரொட்டிப் பை.

ஒன்பது வருஷம் நான் என் கையையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அங்கே உட்கார்ந்து ஆர்டர் அனுப்பிக்கொண்டிருந்தாய்.

மூன்று போர்டுகளும் தனிப் பார்சலில் வருகின்றன. வெள்ளிப் பையில். உனக்கு அல்ல, அந்த மாய் வாங் என்கிற பெண்ணுக்கு. நீ தொடாதே. சிவப்புப் பொட்டு போர்டு என்று அவளிடம் சொல், மின்சாரம் கொடுக்கிற மேசையில் கவனமாக இருக்கட்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. டிசம்பர் ஏழாம் தேதி ஹார்லன் முன்னால் ரொட்டிப் பையைப் பற்றி நீ வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கடிதத்தில் எனக்கல்ல. அந்த அறையில். அதே மேசையில்.

ஆர்டிஸ்

*

எல்ம் ஃபோர்க்
டிசம்பர் 8, 2021

அக்கா,

சொல்லிவிட்டேன்.

நேற்று ஒன்பது மணிக்கு ஹார்லன், மாய், நான், மூன்றே பேர். ஹார்லன் வழக்கம்போல அந்தக் கோப்பைத் திறந்தார். "இதோ பாருங்க, எழுத்துல இருக்கு. போர்டு கட்டினவங்க கை வாகு அப்படி."

"அது அக்கா கை இல்ல. என் கை" என்றேன்.

"என்னது?"

"வெள்ளிப் பை பத்தலை. மூணை நான் ரொட்டிப் பையில போட்டேன். அன்னைக்கு ஞாபகமில்லைன்னு சொன்னது பொய்."

ஹார்லன் தொப்பியைக் கழற்றினார். அவர் தலை இவ்வளவு வழுக்கை என்று எனக்குத் தெரியவே தெரியாது. "அப்ப நான் சொன்னது சரிதானே? ரொட்டிப் பையோ வாளியோ, நிலைமின்சாரம் கொன்னிருக்கு. சிப்பு மேல குத்தமில்ல."

நான் அதை யோசிக்கவே இல்லை அக்கா. என் குற்றத்தை ஒப்புக்கொண்டு அவருக்கே சாட்சி சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மாய் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இந்த மூணுக்கும் அப்புறம் யாராவது மின்சாரம் கொடுத்துப் பாத்தாங்களா?"

"சிவப்புப் பொட்டு ஒட்டினதுக்கு யாரும் கொடுக்க மாட்டாங்க" என்றேன். "அதுதான் இங்க விதி."

"நிலைமின்சாரத்துல செத்தது செத்ததுதான். வெயில்ல வெச்சாலும் எழாது. குளிர்ல படுத்தது வேற." அவள் உன் பார்சலைப் பிரித்தாள். வெள்ளிப் பைகளைக் கத்திரித்தாள். மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு முதல் போர்டைச் செருகினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

இரண்டாவது எரிந்தது. மூன்றாவதும் எரிந்தது. சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்திலேயே பச்சை, அக்கா.

மாய் மூன்றையும் பைக்குள் போட்டுச் சரக்கு ஏற்றும் மேடையில் வெளியே வைத்தாள். நேற்று மைனஸ் எட்டு. இரண்டு மணி நேரம் கழித்து அங்கேயே ஒரு நீளக் கம்பியால் செருகினாள். மூன்றும் கட்டை மாதிரிக் கிடந்தன. உள்ளே கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒரு காபி குடித்து முடிக்கிற நேரம். மறுபடி எரிந்தன.

"அன்னைக்கு நீங்க எல்லாரும் ஒரு காபி குடிச்சிருந்தாப் போதும்" என்றாள் மாய். அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஹார்லன் போர்டுகளைப் பார்த்தார். "வெண்டல் பெட்டியும் இங்க வந்து நல்லாத்தானே ஓடுச்சு" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு எழுந்தார். "ஒரு வருஷம் காத்திருப்போம். குளிர் தாங்குற சிப்புக்கு ஆர்டர் போடு மார்லிஸ். ஏற்கனவே பெட்டி வாங்கினவங்க எல்லாருக்கும் கடிதம் எழுது."

டுவேனின் வரியின் கீழே மாய் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்: "இந்த முடிவு தவறு. ஆர்டிஸ் டோலெஃப்சன் செய்த சோதனை சரி." வெண்டலுக்குக் கொடுத்த தாளையும் திருத்தச் சொல்லிவிட்டேன். இதையும் நானே தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கினேன். இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

நீ ஜெயித்துவிட்டாய் அக்கா. இனிமேல் ஃபோன் செய்யலாமா?

மார்லிஸ்

*

பெமிட்ஜி
டிசம்பர் 19, 2021

மார்லிஸ்,

உன் கடிதத்தை ஏழு முறை படித்தேன். ஜெயித்துவிட்டாய் என்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றேன்.

அந்த மூன்று போர்டுகளும் எங்கே இருந்தன தெரியுமா? சமையலறையில், பாத்திரம் துடைக்கிற துணிகளுக்கு அடியில். எல்ம் ஃபோர்க் வீட்டில் இரண்டு வருஷம், இங்கே ஏழு வருஷம். இரண்டு வீட்டிலும் அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறை, கதகதப்பான இடம். சுவரில் மின்சாரத் துளை ஒரு முழ தூரம். துணி எடுக்கும்போதெல்லாம் கை படும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் செருகியிருந்தால் போதும்.

சிவப்புப் பொட்டுக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பது விதி. இருபது பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான். ஊரார் கேட்டால் அப்படித்தான் சொல்வேன். உனக்கு நிஜத்தைச் சொல்கிறேன், நீயும் சொன்னாய் என்பதால். விதியால் அல்ல. பயத்தால். செருகி, விளக்கு எரியாவிட்டால் டுவேன் சொன்னது சரி, என் கைதான் கொன்றது என்று ஆகிவிடும். செருகாதவரை நான் அநியாயம் இழைக்கப்பட்டவள். அந்தக் கோபம் எனக்கு வசதியாக இருந்தது. குளிர்காலத்தில் போர்வை மாதிரி அதைப் போர்த்திக்கொண்டிருந்தேன்.

நீ ரொட்டிப் பைக்குப் பயந்தாய். நான் என் விரலுக்குப் பயந்தேன். இரண்டு பேருமே அந்த போர்டுகள் செத்துவிட்டன என்று நம்பினோம்.

வெண்டல் அந்தப் பெட்டியை வாங்குமுன் என்னிடம் கேட்டான். நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. என் சமையலறையில், அந்த இழுப்பறைக்கு எதிரே உட்கார்ந்து, கேக் தின்றுகொண்டே கேட்டான்: "அம்மா, உங்க கம்பெனிப் பெட்டி குளிருக்கு நிக்குமா?"

நிற்காது என்று சொல்ல என்னிடம் மூன்று போர்டுகள் இருந்தன. ஆனால் சொன்னால், ஏன் கம்பெனியில் யாரும் நம்பவில்லை என்று கேட்பான். கூட்டத்தில் சிரித்ததைச் சொல்ல வேண்டும். "என் கையால கட்டினதுடா" என்றேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

அவன் பெட்டி கம்பெனிக்குப் போய்ச் சூட்டில் ஓடியது என்று கேட்ட நாளிலாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். குளிரில் தூங்கி, சூட்டில் எழுகிற பெட்டி. பாதி என் காதில் வந்தது, பாதி என் இழுப்பறையில் கிடந்தது. நான் வேலையை விட்டேன், உன்னைத் திட்டினேன், வீட்டைக் காலி செய்தேன். துணிகளோடு சேர்த்து போர்டுகளையும் கட்டி எடுத்துவந்தேன். செருகவில்லை.

நேற்று வெண்டலுக்கு ஃபோன் செய்து எல்லாம் சொன்னேன். திருத்திய தாளை வாசித்துக் காட்டினேன். லாரி என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப நான் சுவிட்சைப் போட்டேன்" என்றான்.

"போட்டேடா."

"ஏழு வருஷமா இந்த விரலைப் பாத்துக்கிட்டே இருந்தேம்மா. போட்டோமா, போட்ட மாதிரி நெனச்சோமான்னு. கட்டின பொண்டாட்டி ஜூடிகூட ஒரு நாள் கேட்டா. அதுக்கப்புறம்தான் அவ என்னை விட்டுப் போனா." பிறகு கேட்டான். "அந்த போர்டெல்லாம் எங்கம்மா இருந்துச்சு?"

"சமையல்கட்டுல."

"கரண்டி வெக்கிற இழுப்பறையா?"

"அதுக்குக் கீழ."

"நான் வந்தா காபிக் கோப்பை துடைக்கத் துணி எடுப்பேனே, அதுவா?"

"அதுதான்."

"லோடு ஏத்தணும்மா" என்று வைத்துவிட்டான். கிறிஸ்துமஸுக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ரிக் விற்க வந்தவன், விற்றான். டுவேன் தனக்குப் பழகின சிப்பை விட மனமில்லாமல் கண்ணில் பட்ட வாளியைக் காட்டினான். ஓய்வுபெற்று அரிசோனா போனவன், அந்த வெயிலில் சுகமாக இருக்கட்டும். ஹார்லன் தொப்பியைக் கழற்றினான் என்று எழுதினாயே, அது போதும். உன்மேல் உள்ள கோபம் நான் சாகும்வரை இருக்கும். உன் குரலைக் கேட்டதும் அந்த ரொட்டிப் பைதான் ஞாபகம் வரும், அதைச் சொல்லியும் காட்டுவேன். ஆனால் கோபம் வேறு, மன்னிக்காதது வேறு. நீ அந்த மேசையிலேயே வாயைத் திறந்தாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஃபோன் செய், எடுக்கிறேன்.

நான்கு பேரைச் சொல்லிவிட்டேன். மன்னிக்க முடியாத ஒருத்தி மிச்சம் இருக்கிறாள். அவள் பெயர் கீழே இருக்கிறது.

ஆர்டிஸ் டோலெஃப்சன்